கண்ணாடிமேல் போட்ட மாலைகள்

எங்கள் பக்கத்தில் ஒருவன் செத்தால்தான் அவனுக்கு எத்தனை தோஸ்து என்பது தெரியவரும். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கியவர், நுரையீரல் கெட்டு, ராயபுரத்து வீட்டில் ஆறு மாதம் படுத்துக் கிடந்தார். ஒரு பன் வாங்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. செத்த அன்று தெரு கொள்ளாத கூட்டம். ஆளுக்கொரு மாலை.

கல்யாணத்தில் மாலை மாற்றினால் இனி நீ எனக்கு என்று பொருள். பிணத்துக்குப் போட்டால்? நான் வந்தேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். வேறொன்றும் இல்லை.

ஐஸ் பெட்டிக்கு மேலே கண்ணாடி வைத்திருப்பதே முகம் தெரியத்தான். மாலையை அந்தக் கண்ணாடிமேல்தான் சாத்துவார்கள். குறுக்கே, போட்டவர் பெயரை ஜிகினா எழுத்தில் ஒட்டிய ரிப்பன். செத்தவர் எழுந்து படித்துப் பார்ப்பார் போலிருக்கிறது. சங்கத் தலைவர் கொண்டுவந்ததை மாலை என்றே சொல்லக்கூடாது. ரோஜா சுற்றிய லாரி டயர். இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். செல்போனில் படம் சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடியும் வைத்தார்கள்.

எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள், டேங்கர் லாரி நெரிசலில் மாட்டி, தூக்கப் போகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

“நைனா மூஞ்சி எங்கம்மா?”

பெட்டியில் பூதான் தெரிந்தது. அவள் டயரில் கை வைக்க, தலைவரோடு வந்தவன் தடுத்தான்.

“இரும்மா. பெரியவரு ஒர்த்தர் வந்துகினு கீறாரு. அவரு பாத்தப்புறம் நவுத்திக்கலாம்.”

மூலையில் கிடந்த மனைவி எழுந்து வந்தார். “ஆறு மாசமா இந்த மூஞ்சியப் பாக்க எவனுக்கும் வூடு தெரியல. இப்ப எம் பொண்ணு பாக்கறதுக்கு நீ கியூ வுடறியா? தூக்குடா அத்த.”

எவனும் தூக்கவில்லை. அவரே தள்ளினார். டயர் தலைவரின் வெள்ளைச் செருப்பின்மேல் போய் விழுந்தது. மற்றதையும் ஒவ்வொன்றாக வாரிக் கீழே போட்டார். நான் மனதுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், மூக்கையும் வாயையும் மூடிக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது ஒரு சம்பங்கி மாலை. காலையில் முதல் ஆளாக நான் போட்டது. ஆறு மாதத்தில் நான் அவரைப் போய்ப் பார்த்தது இரண்டே முறை.

“இத்த யாரு போட்டது?” என்றார்.

நானே போய் எடுத்தேன். மகள் துப்பட்டாவால் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். கையிலிருந்த மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன்.