மம்பட்டியோடு போனவர்

போன வாரப் புயல் மழையில் கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் மனைப்பிரிவுத் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. கரன்ட் இல்லை. பால் இல்லை. நேரம் மட்டும் நிறைய இருந்தது. வேறென்ன செய்வோம்? சந்தேகப்பட்டோம்.

"நான் பாத்தேன் சார்... காலைல ஏழுமலை மம்பட்டியோட வரப்பு மேல போனாரு. வயல் தண்ணிய வெட்டி நம்ம தெருவுல வுட்டுட்டாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஏழுமலை எங்கள் வீடுகளுக்குப் பின்னால் நெல் வயல் வைத்திருப்பவர். அந்த ஆள் சிரிப்பே ஒரு மாதிரி என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் நியாயம் கேட்கக் கிளம்பினோம்.

அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை. மனிதர் எங்கள் தெருவிலேயே நின்று, சவுக்குக் கழியால் தண்ணீருக்குள் குத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு தைரியம் பாருங்கள்!

"வரப்ப வெட்டி வுட்டீங்களாமே?" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு சார் வெட்டறேன்? நட்டு பத்து நாளுதான் ஆவுது. பயிரு முழுவிக் கெடக்குது. இன்னிக்கு வடியலன்னா அழுவிடும். எப்பவும் இந்த வாய்க்கால்லதான் வடியும். எங்கியோ அடச்சிக்கினு இருக்குது... காலைலேர்ந்து தேடறேன்."

வாய்க்காலா? எங்கள் தெருவிலா? வாசலோரம் ஒரு பள்ளம் உண்டு. அது காய்ந்து கிடந்துதான் நான் பார்த்திருக்கிறேன்.

கழி ஒவ்வொரு வாசலாக நகர்ந்தது. என் வாசலில் 'டொக்' என்றது.

கார் ஏற்றுவதற்காக நான் போட்ட கான்கிரீட் ரேம்ப். "அடியில பைப் போடலாமா சார்?" என்று அன்றைக்கே கொத்தனார் கேட்டார். "காஞ்ச பள்ளத்துக்கு எதுக்குப்பா பைப்பு?" என்று சொன்ன புத்திசாலி நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

ஏழுமலை கழியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ரேம்ப்பைக் கையால் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நானே போய்க் கடப்பாரை எடுத்து வந்தேன். இருவரும் மாற்றி மாற்றி உடைத்தோம். தண்ணீர் நகர்ந்தது... பக்கத்து வீட்டு வாசலோடு நின்றது.

"எங்க வூட்ல பைப் போட்டிருக்கு சார்!" என்றார் நம் சாட்சி — யாரும் கேட்பதற்கு முன்பே.

ஏழுமலை ரேம்ப்புக்கு அடியில் கழியை நீட்டினார்.

டொக்.

சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு ரேம்ப் மிச்சமில்லை. மறுநாள் மாடியிலிருந்து பார்த்தேன். வயலின் மேட்டுப் பக்கம் பச்சை நுனி தெரிந்தது. தாழ்ந்த பக்கம் நட்டது போனது போனதுதான்.

இப்போது எங்கள் தெருவில் மம்பட்டியோடு போகிறவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. கார் வைத்திருப்பவரைத்தான்!