தொண்ணூறாம் நம்பர் பனியன்

எதிரே நடந்து வருகிற ஆளின் பனியன் அளவை, சட்டைக்கு மேலே பார்த்தே அப்பா சொல்லிவிடுவார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். "போஸ்ட்மேன் எண்பத்தஞ்சு. பின்னால வாறவரு தொண்ணூத்தஞ்சு, ஆனா தொண்ணூறுதான் கேட்டு வாங்குவாரு" என்பார். அப்பாவின் அளவு தொண்ணூறு. எங்கள் வீட்டு விலாசம் தெரிந்த மாதிரி எனக்கு அதுவும் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், இருமலுக்கு வைத்தியம் பார்க்க அப்பா இரண்டு மாதம் வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பொங்கலுக்கு வந்துவிடுவார் என்று கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு என் கையாலேயே ஒரு பனியன் தைப்பது, கூடவே ஒரு வாழ்த்து அட்டையும் செய்வது என்று முடிவு செய்தேன்.

துணிக்குப் பஞ்சமில்லை. ஓட்டை விழுந்ததென்று கம்பெனியில் ஒதுக்கிய துணிதான் எங்கள் வீட்டில் தலையணை உறை, தம்பியின் ஜட்டி, கைப்பிடித்துணி எல்லாம். பெட்டியில் கிடந்த அப்பாவின் பழைய பனியன் ஒன்றைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு வெட்டினேன். வீட்டுத் தையல் மிஷினை மிதிக்கக் கால் எட்டாததால் நின்றுகொண்டே தைத்தேன். கழுத்துப்பட்டி மட்டும் அம்மா வைத்துக் கொடுத்தார். தைத்து முடித்ததும் பனியனின் அகலத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வேலையைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழ்த்து அட்டையும் சாதாரணமானதில்லை. கடையில் ஜிகினா தூவி விற்பதையெல்லாம் தோற்கடிக்க வேண்டும் என்று, பனியன் பெட்டியின் அட்டையைப் பனியன் வடிவத்திலேயே வெட்டினேன். பச்சை நூலைப் பசை தடவி ஒட்டிக் கரும்பு செய்தேன். உள்ளே, "அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து. இது உங்களுக்காகவே அளவு பார்த்துத் தைத்தது" என்று எழுதினேன். பெருமை தாங்காமல் 'அளவு' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

பொங்கலன்று குளித்து வந்த அப்பா என் பனியனைப் போட்டார். தோள்பட்டை ஒரு பக்கம் வழுக்கி இறங்கியது. கைக்குழிக்குள் இன்னொரு ஆளே நுழையலாம். "அப்பா பாவாடை போட்டுட்டாரு" என்று தம்பி சிரித்தான். அம்மா பால் பொங்கிவிட்டது என்று உள்ளே ஓடினார். அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை.

எனக்கு மானம் போய்விட்டது. அப்பாவின் மற்ற பனியன்கள் எல்லாம் அவர் உடம்பில் கச்சிதமாக நின்றன. நான் வெட்டியது மட்டும்தான் தப்பு. அட்டையில் எழுதியதை நினைத்து அழுகை வந்தது. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"குடுத்த வாழ்த்தத் திருப்பி வாங்கறதா? நல்லா இருக்குதே" என்று அப்பா அட்டையைத் தம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பனியனின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அளவெல்லாம் சரிதான் அம்மிணி. துணிய நனைக்காமத் தெச்சுட்டே. நாலு தடவ தொவச்சா சுருங்கி ஒடம்போட நின்னுக்கும்."

துணி விஷயத்தில் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பனியனைத் துவைப்பது என் வேலையாயிற்று. சுடுதண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் சுருங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், அதையும் செய்தேன். வெட்டி மிஞ்சிய துணியில் இருந்த சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் உண்மையிலேயே இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஆனால் அப்பா போட்டுக்கொண்டு நின்றால் அதே தொளதொளப்பு. மாசி மாதத்தில் முன்பைவிட அதிகமாகவே தெரிந்தது. இப்படியும் ஒரு துணி உண்டா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மற்ற பனியன்களின் இரண்டு பக்கமும் அம்மா உள்ளே பிடித்து இன்னொரு தையல் ஓட்டியிருந்ததை, நான் பெரியவளாகித் தையல் மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் கண்டேன். ஒரு பனியனில் அப்படி மூன்று தையல்கள் இருந்தன. என்னுடையதில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அதில் மிஷின் வைக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

ஒரு நாள் காலை, துவைக்கிற கல்லில் அதை ஆங்காரத்தோடு அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த அம்மா குடத்தைக் கீழே வைத்தார். பிறகு என் கையிலிருந்து ஈரப் பனியனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, கல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். நான் அடித்த அடியில் துணி கிழிந்துவிட்டதாக்கும் என்று பயந்து, விரித்துப் பார்த்தேன். எங்கும் கிழியவில்லை.

"அழுவாதீங்கம்மா" என்றேன். "இன்னும் ரண்டு தடவ தொவச்சா அப்பாவுக்குச் சரியாப் போயிரும்."