நின்றால் படுத்துவிடும் கார்

எங்கள் அக்கா பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. குடும்பத்தில் அதிகம் வாசித்தவன் நான் என்பதுதான் காரணமாம். அதிகம் வாசித்தவனுக்கு அழுகையை மறைத்துக்கொள்ளச் சொற்கள் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வேறு விசேஷம் எதுவும் இல்லை.

அக்கா உரும்பிராயில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு முன் பிறந்த குற்றத்துக்காக என்னை இடுப்பில் சுமந்து திரிந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கைக்குழந்தையோடு கொழும்பில் அலைந்து, அத்தான் இருந்த ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தார். இங்கே பாபடோயிட்டோயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. "அங்க சொல்வழி கேளாத பிள்ளையள், இஞ்ச சொல்வழி கேளாத கிழவங்கள்" என்பார். அதற்குமேல் தன் கஷ்டத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

பலமுறை விழுந்தெழும்பி லைசென்ஸ் எடுத்தார். எடுத்த நாளோடு அத்தானின் கையிலிருந்த கார்த் திறப்பு அக்காவின் கைப்பைக்குள் போனது. "நீங்கள் கார் ஓடினால் நத்தையும் ஹோர்ன் அடிக்கும்" என்றார் அக்கா. அன்றிலிருந்து அத்தான் பக்கத்துச் சீற்றுக்காரர்.

ஜப்பானிலிருந்து பழையதாய் வந்த வெள்ளைக் கார் அது. ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அக்கா "ஓம் பிள்ளை" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவார். கோயிலுக்குப் போகிற மாமிமார், வேலை முடிந்து நிற்கிற மாணவர்கள் எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர், "அக்கா, நான் பஸ்லயே போய்க்கிறேனே" என்று கெஞ்சியது நினைவிருக்கிறது. "நீ பஸ்ஸுக்கு நிக்கிறதெண்டால் நான் என்னத்துக்குக் கார் வச்சிருக்கிறன்? ஏறு!" ஏறினார். ஏறாமல் தப்பியவர் எவருமில்லை.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "சனிக்கிழமை மாமியை ஆர் கோயிலுக்கு ஏத்திறது?" என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை வருமுன் போய்விட்டார்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நின்ற கார் படுத்துவிட்டிருந்தது. வேறொரு காரிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுத்தால் ஓடும். இரண்டொரு நாள் நின்றால் மறுபடி செத்துவிடும். புதுப் பற்றறி போட்டோம். அதுவும் செத்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. செத்த வீட்டுக்குப் பிறகு வாசலைத் தாண்டாமல் இருந்த அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அஸ்தி கரைக்க அவ தன்ர காரிலதான் போகவேணும், தம்பி. வயர் போட்டு இழுத்துப் பறிச்சு இல்லை. திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவேணும்."

பற்றறியின் ஒரு முனையைக் கழற்றி, இடையில் மீற்றரைத் தொடுத்து, நிற்கிற கார் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறதென்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது குடி குறைகிறதோ, அந்த வழியில்தான் கள்ளன். இதையெல்லாம் வாசித்து அறிந்து, ஒரு காலை முழுவதும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தேன். கூரை லைற் எரிந்துகொண்டிருந்ததை என் மருமகள், அக்காவின் மகள்தான் காட்டினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: மாமா, நீங்கள் கண்டுபிடித்த கள்ளன் நீங்கள்தான்.

கதவு மூடினால் லைற்றை அணைக்கிற பொத்தானை ஒட்டுநாடாவால் அமுக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். ஜப்பானியப் பெண்ணைத்தான் சந்தேகித்தேன். அவளுடைய பியூஸைப் பிடுங்கினேன், மீற்றர் அசையவில்லை. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டேன். உள் லைற்களின் பியூஸைப் பிடுங்கியதும் மீற்றர் இறங்கியது. திரும்பப் போட்டுப் பார்த்தால், கூரை லைற் அணைந்திருந்தது, டிக்கி லைற்றும் அணைந்திருந்தது. மிஞ்சியது பக்கத்துச் சீற்றுக்கு முன்னால் சாமான் வைக்கிற லாச்சி. மூடிய லாச்சிக்குள் லைற் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மருமகள் தன் போனை வீடியோவில் போட்டு உள்ளே வைத்து மூடினாள்.

எடுத்துப் பார்த்தோம். மூடி சாத்துகிற சத்தம் கேட்கிறது. இருள வேண்டிய படம் இருளவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் பிள்ளையார் இருக்கிறார். டாஷ்போர்ட்டின் மேல் இருந்தவர்தான். ரவுண்டபவுட்டுகளில் விழுந்தெழும்பியதால் அக்கா அவரையும் இடம்பெயர்த்து லாச்சிக்குள் குடியேற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் வைத்த சந்தனமும் தூவிய விபூதியும் லைற் பொத்தானின் இடுக்கில் இறங்கி இறுகியிருந்தன. மூடி சாத்தினாலும் பொத்தான் முழுதாக அமுங்கவில்லை. எத்தனை காலமாக அப்படி எரிந்ததோ தெரியாது. அக்கா ஒரு நாளும் காரை நிற்கவிடாததால், குடித்ததெல்லாம் அன்றன்றே நிரம்பியிருக்கிறது.

மருமகள் தமிழில் பேசினாள். "அம்மா விளக்கு ஏத்தி வச்சிருக்கிறா."

நான் பல்பைக் கழற்றக் கையை நீட்டினேன். பின்னால் அத்தானின் குரல். வாசலைத் தாண்டி வந்து நின்றார்.

"அதைக் கழட்டாத."

"கழட்டாட்டில் பற்றறி சாகும், அத்தான்."

"ஓடினால் சாகாதுதானே?"

"ஓம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஓடவேணுமே. ஆர் ஓடுறது?"

அவர் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

பற்றறியை நன்றாக ஏற்றி வைத்தோம். அந்தியேட்டியன்று கார் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. அக்காவை மடியில் வைத்தபடி பக்கத்துச் சீற்றில் நான் இருந்தேன். அத்தான் கார் ஓடினார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நோயிலும் துயரிலும் துணை நின்ற வைத்தியர்கள், தாதியர், கிரியைகள் செய்த ஐயா, சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், தோள் கொடுத்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. அதோடு ஒரு வேண்டுகோள். கோயிலுக்கோ கடைக்கோ வைத்தியரிடமோ போக வாகனம் இல்லாதவர்கள் அத்தானைக் கூப்பிடுங்கள். கரைச்சல் கொடுக்கிறோமே என்று யோசிக்க வேண்டாம். மெதுவாகத்தான் போவார், நேரத்தோடு வெளிக்கிடுங்கள். தூர இடமாக இருந்தால் இன்னும் நல்லது.