கயிறு தெரியும் கொப்பி

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே டிவி வைத்து, பழைய சாமி படம் போட்டோம்.

ஹட்டனிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக்கும் படமும் கொண்டுவந்த செல்வம் பெருமையாகச் சொன்னார்: "பழைய படத்தத் தொடச்சு சுத்தம் பண்ணி எடுத்த புதுக் கொப்பிங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

உண்மைதான். முருகன் வானத்திலிருந்து இறங்கியபோது இடுப்பில் கட்டிய கயிறுகூடத் தெரிந்தது.

வழக்கம்போல மாரியாயி அக்கா டிவிக்கு முன்னால் சூடம் கொளுத்தினார். படத்தின் மேல் புகை படர்ந்தது.

செல்வம் பதறினார். "அணைங்கக்கா! இவ்வளவு நல்ல கொப்பி, ஒண்ணுமே தெரியல!"

"அணைக்க மாட்டேன். சாமி வந்தா சூடம் காட்டுவோம். ஒங்க கொப்பியில அவரு கயித்துல தொங்குறாரு. எங்க புகையில பறக்குறாரு."

நான் இன்னொரு சூடக்கட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் லயத்தில் எப்படி? சாமி பறக்கிறாரா, தொங்குகிறாரா?