கீறலுக்கு எழுநூறு ரூபாய் கழித்தேன்

பூங்கொடி விழுந்துவிட்டார் என்று செக்யூரிட்டி வந்து சொன்னபோது நான் ஃபைனல் செக்கிங் டேபிளில் இருந்தேன். கம்பெனிக்கு வரும் இறக்கத்தில் அவருடைய சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்துவிட்டது. பின்னால் கேரியரில் பால்வாடிக்குப் போகும் நாலு வயது மகள். குழந்தை ஓரத்து மண்ணில் போய் விழுந்ததால் சிராய்ப்போடு தப்பித்தது. பூங்கொடிக்கு முன்பற்கள் மூன்று போயின. தோள்பட்டை எலும்பு உடைந்தது. பின்னால் வந்த வேறொரு கம்பெனியின் பஸ் டிரைவர் எப்படியோ பிரேக் பிடித்துவிட்டார்.

அந்தச் சைக்கிளுக்கு விலை போட்டவள் நான்.

நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்றும் என் மகள் ஸ்கூலுக்குச் சைக்கிளை எடுத்தால் அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலை விட்டு என்னால் நகர முடிவதில்லை. தரம் பார்க்கும் க்யூ.சி. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. விலை போட்ட விதம்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் தங்கும் வட நாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும்போது சைக்கிளை ஷெட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். பலர் திரும்புவதில்லை. ஒரு வருடம் கேட்பார் இல்லாமல் கிடக்கும் சைக்கிள்களைக் கம்பெனி தன் ஆட்களுக்கே விற்றுவிடும். முன்பு எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நல்லது யாருக்கு, ஓட்டை யாருக்கு என்று வருடா வருடம் சண்டை வரும். செகண்ட்ஸ் என்று ஒதுக்கும் குறையுள்ள பனியன்களுக்கு விலை குறைத்துப் போடுவதும் என் வேலை. அதனால் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"செகண்ட்ஸுக்கு நீங்கதானுங்களே மேடம் வெல போடறீங்க. பனியனும் சரக்குதான், சைக்கிளும் சரக்குதான். இதையும் போட்டுருங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் டவுன் ராயபுரத்தில் பழைய சைக்கிள் விற்கும் ஒரு கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் சொல்லிக் கொடுத்த முறை இது: அதே மாதிரி சைக்கிள் நல்ல ஓட்டத்தில் இருந்தால் என்ன விலைக்குப் போகுமோ அதை முதலில் எழுது. மாற்ற வேண்டிய சாமானின் விலையையும் மாற்றும் கூலியையும் அதிலிருந்து கழி. ஃப்ரேம், ஃபோர்க் இரண்டையும் முதலில் பார். பிறகு ரிம் ஆடுகிறதா, பெடல் ஆக்சில் லூசா, பிரேக் பிடிக்கிறதா என்று பார். டயரும் செயினும் கடைசி. பெயிண்டைப் பார்க்கவே பார்க்காதே.

முப்பத்தொரு சைக்கிளையும் அப்படியே பார்த்தேன். குறை இருந்த இடத்திலெல்லாம், செக்கிங் டேபிளில் செய்வது போலச் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒட்டினேன். விலையும் கழிவும் எழுதிய டேக்கை, கார்பன் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரில் கட்டினேன்.

அதில் ஒரு நீல லேடீஸ் சைக்கிள். இரண்டு டயரும் புதிது. என் மகளுக்கு ஆகும் என்று முதலில் அதைத்தான் எடுத்து வைத்தேன். துணியால் துடைத்தபோது ஃபோர்க்கின் கழுத்தருகே முடி போல ஒரு கீறல் தெரிந்தது. உடனே தள்ளி வைத்துவிட்டு மகளுக்கு வேறொன்று எடுத்தேன். பிறகு நீலச் சைக்கிளுக்கு ஃபோர்க் மாற்ற எழுநூறு ரூபாய் கழித்து, ஆயிரத்து ஐநூறு என்று டேக்கில் எழுதினேன். பனியனில் ஓட்டை இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி குறைப்போம். அதே கை, அதே பழக்கம்.

2. வாங்க வந்தவர்

பூங்கொடி உடுமலைப்பேட்டைப் பக்கம். ஓவர்லாக் டைலர், பீஸ் ரேட்; தைக்கும் உருப்படிக்குத்தான் கூலி. குழந்தையும் அவரும் மட்டும்தான். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்து மாளாமல் நடந்தே வந்துகொண்டிருந்தார். ஷெட்டில் எல்லா டேக்கையும் புரட்டிப் பார்த்துவிட்டு நீலச் சைக்கிளிடம் வந்து நின்றார். இருந்ததிலேயே அதுதான் விலை குறைவு.

நான் சொன்னேன், "கண்ணு, ஃபோர்க்குல கீறல் இருக்குது. அதுக்குத்தான் எழுநூறு கழிச்சிருக்கறேன். அதை மாத்திப்போட்டு ஓட்டு."

"அந்த எழுநூறு இருந்தா நான் அங்க நிக்கற நல்ல செவப்புச் சைக்கிளையே எடுத்திருப்பனுங்க்கா. ஓட்டைப் பனியனப் போட்டுக்கிட்டு நாம வேலைக்கு வர்றதில்லீங்களா?"

ஆரோ ஸ்டிக்கரைப் பிய்த்துப் பக்கத்தில் நின்ற தோழியின் முதுகில் ஒட்டினார். "இவளுக்கும் ஏதாச்சும் கழிச்சு வுடுங்க்கா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது வாரம் ஃபோர்க் முறிந்தது.

3. கையெழுத்து

விழுந்த மூன்றாம் நாள் ஜி.எம். என்னை அறைக்கு அழைத்தார். டைப் அடித்த ஒரு தாள் தயாராக இருந்தது. குறையை எடுத்துச் சொல்லியே விற்றோம், தெரிந்தேதான் குறைந்த விலைக்கு வாங்கினார், கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பீஸ் ரேட் என்று சொல்லிக் கம்பெனி பூங்கொடிக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு போடவில்லை. தனியார் ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டிருந்தது.

"சொல்லித்தானுங்களே வித்தீங்க? வெலையும் கொறைச்சிருக்கறோம். அப்பறம் நம்ம மேல என்னங்க தப்பு?"

அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை. உடைந்து கிடப்பவளைக் கைகழுவ உண்மையைக்கூட இப்படி அடுக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். உங்கள் பெண்ணை அந்தச் சைக்கிளில் அனுப்புவீர்களா என்று கேட்டேன்.

"எம் பொண்ணு எதுக்குங்க மேடம் செகண்ட்ஸ் சைக்கிள்ல போறா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்டது போலச் சொன்னார்.

அவர் வாயால் சொன்னதைத்தானே நான் ஷெட்டில் செய்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. தாளைத் திருப்பி, பின்பக்கம் என் கைப்பட எழுதினேன். கீறலைப் பார்த்தேன். என் மகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கினேன். ஃபோர்க்கை மாற்றாமல் விற்பனைக்கு வைத்தது என் தவறு, விற்றது கம்பெனி. கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் பையர் ஆடிட் இருந்தது; சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் தொழிலாளர்களிடமும் விசாரிப்பார்கள், என் செல்போனில் அந்தப் படம் இருந்தது. அந்தப் பயத்தில்தான் கம்பெனி ஆஸ்பத்திரி பில்லையும் பல் கட்டும் செலவையும் கொடுத்தது; இரக்கத்தில் இல்லை. பூங்கொடி வேலைக்கு வராத ஆறு வாரத்துக்கு அவரும் நானும் கூலி கேட்டோம். அது வரவில்லை. இனி சைக்கிளுக்கு நான் விலை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜி.எம். என்னோடு பேசுவதில்லை.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. மற்ற டேக்குகளின் கார்பன் நகலைத் தேடி எடுத்தேன். பிரேக்குக்குக் கழித்த சைக்கிள் இரண்டு இருந்தன. வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து ராயபுரத்துக்கு அழைத்துப் போய் பிரேக்கை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பேருமே அதுவரை அதைச் சரிசெய்யவில்லை. ஒருவர், காலை ஊன்றியே நிறுத்திப் பழகிவிட்டதாகச் சொன்னார்.

டயர் தேய்ந்திருந்தால் கழியுங்கள், சீட் கிழிந்திருந்தால் கழியுங்கள். ஆளைக் கொல்லக்கூடிய குறைக்குக் கழிவு போடாதீர்கள். சரிசெய்து அந்தச் செலவை விலையில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் அறுத்து இரும்புக்குப் போடுங்கள். நாம் கழித்துவிட்ட எழுநூறு ரூபாய் வாங்குபவர் கையில் இருக்கும், அவர் மாற்றிக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். அந்த எழுநூறு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாததால்தான் அவர் அந்தச் சைக்கிளிடம் வந்து நின்றார்.