கொல்லையில் கேட்ட படம்

எங்கள் வீட்டுப் பெண்கள் சினிமா பார்த்ததே இல்லை. ஆனால் முதுநகருக்கு வந்த படம் ஒன்றையும் விட்டதில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் டென்ட் கொட்டகை. அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்து உம்மாவும் அவள் தங்கையான என் சின்னம்மாவும் கொல்லையில் பாய் விரிப்பதற்கும், அங்கே முதல் ஆட்டம் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். வாப்பா தடுத்திருந்தது சினிமாவுக்குப் போவதைத்தான். காற்றில் வருவதைத் தடுக்க அவருக்கு வழி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

வசனமும் பாட்டும் காதில் விழும். மற்றதையெல்லாம் சின்னம்மா சொல்வாள். வீணை கேட்டால் கதாநாயகி மாடியில் நிற்கிறாள், பச்சைப் புடவை. குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை வண்டி, குதிரை வெள்ளை. கறுப்பாக ஏன் இருக்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"கறுப்புன்னா சத்தம் இன்னும் கனமா வரும்டி" என்றாள். எட்டு வயதுக்கு அது நியாயமாகவே பட்டது.

சின்னம்மாவின் மாப்பிள்ளை கல்யாணம் ஆன கையோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர். நான் அப்போது கைக்குழந்தையாம். போட்டோ எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

உம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரு தம்பி உண்டு. பரீட்சை என்று வெளியூரில் மாட்டிக்கொண்டதால் சின்னம்மாவின் கல்யாணத்துக்குக்கூட வராதவர். அந்த மாமா சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சினிமா ஜனங்களை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. இதெல்லாம் ஒரு விஷயமா என்று பேராசிரியரே கேட்டாராம். வாப்பாவிடம் மட்டும் மாமா சமூகவியல் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல்லில் குற்றம் எதுவும் தென்படாததால் வாப்பாவும் சும்மா இருந்தார்.

சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, மஞ்சக்குப்பத்தில் படம் விட்டு வெளியே வருகிறவர்களை மடக்கிக் கேள்வி கேட்பார் மாமா. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, நல்லா இருந்திச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஒருநாள் அப்படிச் சலித்துப் போய் வந்தவர், எங்களோடு பாயில் உட்கார்ந்தார். வெகுகாலம் கழித்து ஊர் திரும்பும் ஒருவனின் கதை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில் அவன் கதவைத் தட்டி, நான்தான் என்று சொல்லும் இடம் வந்துவிட்டால் கொல்லையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அது சின்னம்மாவின் கட்டளை.

அந்த இடம் முடிந்ததும், கதாநாயகன் பார்க்க எப்படி இருப்பான் என்று மாமா கேட்டார். சின்னம்மா யோசிக்கவே இல்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, மோவாயில் குழி, சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வான் என்றாள். மாமா சிரித்துவிட்டார். அந்த நடிகருக்குத் தழும்பும் இல்லை, குழியும் இல்லையாம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று எழுந்து போனாள்.

காதால் மட்டும் கேட்டவள் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும்? மாமாவுக்கு அது தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. "படிப்புக்காக மச்சான்" என்று வாப்பாவிடம் போய் நின்றார். படிப்பு என்ற சொல்லுக்கு மட்டும் வாப்பா தோற்றுப்போவார். ஆனால் சின்னம்மா தயங்கினாள்.

"எனக்கு வேணாம் தம்பி. கேக்குறதே போதும்."

மாமா கெஞ்சினார். தம்பி கெஞ்சினால் தாங்க மாட்டாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கத்து மணலில் போய் உட்கார்ந்தாள்.

குதிரை கறுப்பாக இருந்தது. கதாநாயகியின் புடவைக்கு நிறமே இல்லை. இதைச் சொல்லிச் சின்னம்மாவைக் கேலி செய்ய நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை. மழை வந்தது. உருண்டை முகமாக ஒருவர் திரை முழுக்க வந்து நின்று, நான்தான் என்றார். சின்னம்மா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். சுற்றிலும் எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்ததால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா ஆவலாகக் கேட்டதற்கு, நல்லா இருந்திச்சு என்றாள். மஞ்சக்குப்பத்தில் கேட்டுக் கேட்டு அலுத்த அதே பதில். மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறினார்.

அன்று மாலை சின்னம்மா கொல்லைக்கு வரவில்லை. கூப்பிடப் போன உம்மாவின் பின்னால் நானும் போனேன்.

"கண்ண மூடுனா அந்த நடிகன் மூஞ்சிதான் வருது லாத்தா. நான் வச்சிருந்தது போயிருச்சு."

உம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு ஒரே குழப்பம். படம் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, என்ன போயிற்று? அதற்குப் பிறகு பாயில் நானும் உம்மாவும் மட்டும்தான். உம்மாவுக்குக் குதிரையின் நிறமெல்லாம் சொல்ல வராது. எனக்கு மாமாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வருஷம் ஒருநாள், நல்ல வெயிலில், கதவு தட்டும் சத்தம் கேட்டு நான்தான் போய்த் திறந்தேன். தகரப் பெட்டியோடு ஒருவர் நின்றார். இடது புருவத்தில் தழும்பு. மோவாயில் குழி. யார் வேண்டும் என்று நான் அதட்டியதும் சிரித்தார், சிரித்த வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் உள்ளே ஓடினேன்.

"சின்னம்மா, உங்க படத்துல வர்றவரு வந்திருக்காரு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். வாசலில் நின்றவரின் முகத்தையே பார்த்தாள். அவர் ஏதோ கேட்டது அவள் காதில் விழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வந்த உம்மாவும் அழுதாள். தழும்பையும் குழியையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தானே சொன்னேன், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.