பேதி வந்த ஆண்டில் எங்கள் வீடு

வேலூரிலும் வடக்கேயும் பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி ஓதிவிட்டு வந்தவர் என் வீட்டுக்காரர். ஹதீஸ் என்னும் நபிமொழிகளை, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற வரிசையோடு மனப்பாடமாக வைத்திருந்தார். மேலப்பாளையம் பள்ளிவாசலில் அவற்றைத் தமிழில் விளக்கினார். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இனி மிம்பர் மேடையில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எங்கள் வீட்டு முன்கட்டில் பாடம் நடந்தது. தறி நெய்கிறவர்கள் வேலை முடிந்து வந்து கேட்டார்கள்.

எங்கள் மகள் நடக்கத் தொடங்கியிருந்த ஆண்டு, ஆற்றோரத் தெருக்களில் வாந்திபேதி பரவியது. வசதியுள்ளவர்கள் வண்டி பூட்டி வெளியூர் போனார்கள். பத்தமடையிலிருந்து என் கூடப்பிறந்த காக்காவும் வந்து, ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி ஆளனுப்பினார். நான் பிள்ளையையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு போனேன். கூடவே வந்த என் வீட்டுக்காரர், காக்காவைக் கிட்டே வரவேண்டாமென்று கையமர்த்தினார்.

“கொள்ளைநோய் வந்த ஊருக்குள்ள போகாதீங்க, உள்ள இருக்கவங்க வெளிய ஓடாதீங்கன்னு நபி சொல்லியிருக்காங்க. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிட்டு என் வீட்டை மட்டும் வண்டியேத்தவா?”

“பச்சப்பிள்ள மச்சான். அதையாவது குடுங்க.”

“அது மேல நோய் இருந்தா உங்க ஊருக்கும்லா வரும்?”

வண்டி வெறுமையாகத் திரும்பியது.

அந்த வாரமே மகளுக்கு நோய் கண்டது. காலையில் வாந்தியெடுத்தாள், சாயங்கால அஸர் பாங்குக்குள் முடிந்துவிட்டது. அவரே குளிப்பாட்டினார். கஃபன் துணியை நான் கிழித்துக் கொடுத்தேன். மறுநாள் முதல், சொந்தக்காரர்களே தொட அஞ்சிய, பேதியில் இறந்தவர்களின் மையத்துகளைக் குளிப்பாட்ட வீடு வீடாகப் போனார். அவரை மிம்பரை விட்டு இறக்கியவர்களில் ஒருவரும் அவர் கையால்தான் அடக்கமானார்.

பத்தமடைக்கு நோய் போகவில்லை. ஓடியவர்கள் போன ஊர்களில் அது பரவியதாகக் கேள்விப்பட்டோம். அவர் சொன்னது சரிதான். அது எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

பிறகும் பாடம் நடத்தினார். அந்த நபிமொழி வருமிடத்தில் மட்டும் ஓதிவிட்டு, விளக்கம் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். ஒருமுறை சோறு போடும்போது, மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“இங்கனதான் இருப்பேன்” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு பேதி திரும்ப வந்தபோது ஊர் ஓடவில்லை. எல்லையில் ஆள் நிறுத்தினார்கள். பிள்ளையைக் கொடுத்து ஹதீஸைக் காத்தவர் என்று அவருடைய மாணவர்கள் பெருமையாகப் பேசுவதைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். என் மகள் அப்போதுதான் அவரை ‘வாப்பா’ என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அதை அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை.